உபயச் சீட்டில் அம்மாவின் பெயர்

(அலோர் காஜாவில் நடைபெற்ற அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சமுதாயத்திலும் பொருளாதாரத்திலும் பெண்களின் தலைமை பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார். பெண்களைப் பற்றிப் பேச அழைத்தால் பெண்மையின் பெருமையைப் பேசிவிட்டு, தாய்மையைப் போற்றிவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவது எளிது. நானும் பள்ளி விழாக்களில் பலமுறை அப்படிச் செய்திருக்கிறேன். இன்று அதைச் செய்யப் போவதில்லை. நம் கோயில் அலுவலக மேசையில் இருக்கும் ரசீதுப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன்.

பணி ஓய்வு பெற்ற பிறகு, திருவிழாக் காலத்தில் உபயச் சீட்டு எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது காரணம். வரிசையில் வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். முந்தானையில் முடிந்து வைத்த பணம், கைக்குட்டையில் சுருட்டிய பணம், கூட்டு எடுத்த பணம், தொழிற்சாலையில் மிகைநேரம் செய்து சேர்த்த பணம். "பெயர் சொல்லுங்கம்மா" என்று கேட்டால் கணவர் பெயர் வரும். கணவர் இல்லையென்றால் மூத்த மகன் பெயர் வரும். மகன் கோலாலம்பூரில் இருப்பான், கோயிலுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். "பணம் உங்களுடையதுதானே, உங்கள் பெயரை எழுதட்டுமா?" என்று ஓர் அம்மையாரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "என் பேருக்கு எதுக்கும்மா சீட்டு?" என்றார்.

அன்றிரவு வீட்டுக்குப் போய் யோசித்தேன். என் அம்மா உயிரோடிருந்த காலத்தில் ஆண்டுதோறும் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றக் காசு கொடுத்தவர். அந்தக் கோயிலின் எந்தச் சீட்டிலும் அவர் பெயர் இருந்திருக்காது. அப்பாவின் பெயர்தான் இருந்திருக்கும்.

நம் சமயத்தில் இது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சோழ நாட்டுக் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டிலே செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிக் கட்டியவர். திருநல்லம் என்னும் கோனேரிராஜபுரத்துக் கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்தார். கணவரை நினைத்துக் கட்டினார், ஆனால் கட்டியவர் இன்னார் என்று கல்லில் அவர் பெயரே நிற்கின்றது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வாருங்கள். 1010-ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட அந்த விமானத்தின் மீது, தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை குந்தவையார் கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் வெட்டி வைக்கும்படி இராசராச சோழன் ஆணையிட்டான். தமக்கை கொடுத்த பொன்னைத் தம்பி தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. அவ்வளவு பெரிய சக்கரவர்த்திக்கு அதனால் குறைவு ஒன்றும் வந்துவிடவில்லை.

அறுபத்து மூவரில் காரைக்கால் அம்மையாரும், மங்கையர்க்கரசியாரும், இசைஞானியாரும் இருக்கிறார்கள். பன்னிரு ஆழ்வார்களில் ஆண்டாள் இருக்கிறார். நம் ஆலயங்களில் அவர்களுக்குக் குருபூசை செய்கிறோம். ஆகவே பெண்ணின் பெயரைச் சொல்ல நம் சமயம் கூச்சப்பட்டதில்லை. கூச்சம் இடையிலே வந்தது. நம்மைப் பொறுத்தவரை அது தோட்டத்தில் வளர்ந்தது என்பது என் எண்ணம்.

தோட்டம் என்றதும் நம் மலாக்காவைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்நாட்டில் ரப்பரைத் தோட்டப் பயிராக முதலில் நட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் பயிரிட்டார். அதன் பின்னர் காடழித்து, மரம் நட்டு, பால் வெட்ட வந்த நம் முன்னோர்களின் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். தெபோங், காடேக், ரெம்பியா, டுரியான் துங்கல், பூலாவ் செபாங் என்று இந்த வட்டாரத்தில் நாம் சொல்லும் ஊர்ப் பெயர்களைச் சுற்றி எத்தனை லயங்கள் இருந்தன! இன்று பெரும்பாலும் செம்பனையும் வீடமைப்புப் பகுதியும்தான். கோயில் மட்டும் ஆங்காங்கே மிஞ்சியிருக்கின்றது.

அந்தத் தோட்டத்தில் பெண்ணின் பெயர் எழுதப்பட்டிருந்தது. எங்கே? செக்ரோலில். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிடும்போது பெண்களும் 'ஆஜர்' சொல்ல வேண்டும். துரைக்கு அந்த மட்டில் பாகுபாடு இல்லை. ஆள் வந்தாளா இல்லையா என்பது அவருக்குத் தெரிய வேண்டும். பாகுபாடு கூலியில் இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் முக்கியமான தோட்டப் பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை சரிந்தபோது அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கூலி குறைந்தது, ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. கஷ்ட காலத்திலும் அதைக் கவனமாகக் காப்பாற்றினார்கள்!

பெண்ணுக்கு வேலை குறைவா? என் அம்மா எழுந்திருப்பது நாலு மணிக்கு. அடுப்பு மூட்டி, சோறு வடித்து, பிள்ளைகளுக்குத் தனியாக, அப்பாவுக்குத் தூக்குச் சட்டியில் தனியாகக் கட்டி வைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்கு ஓட வேண்டும். தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கினால் மரத்துக்கு மரம் ஓட்டம்தான். வெட்டி முடித்து, பால் எடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்குப் போய், எடை பார்த்து, மங்கு கழுவி, ஒட்டுப்பால் பொறுக்கி வீடு வரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும். அப்பாவும் அதே வேலையைத்தான் செய்தார். வீட்டுக்கு வந்ததும் அவர் திண்ணையில் சாய்ந்துவிடுவார். அம்மா துணியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவார். அப்பாவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல மனிதர். அவருக்கும் அது தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் நெடுநாள் தோன்றவில்லை.

ஆயாக் கொட்டகை என்றேன். அதுவும், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தவை அல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. நாங்களெல்லாம் அந்த விதியின் பிள்ளைகள். சட்டத்தில் ஒரு வரி எழுதப்பட்டால் அது எத்தனை பேரைக் கரையேற்றும் என்பதற்கு, இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் சாட்சி.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்றனர். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் நெஞ்சு நிமிரும். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, மருத்துவ வசதி, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் கேவலத்திற்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல். இவற்றோடு நம் பெண்களிடம் மேலதிகாரிகள் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்றும் கேட்டார்கள். பெண்ணின் மானத்தைக் கூலிக் கோரிக்கையோடு சேர்த்து வைத்துப் போராடிய சமுதாயம் நம்முடையது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி ஒன்றாக வேண்டும் என்ற கோரிக்கை அங்கே முன்னுக்கு வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அது நடந்து இரண்டு ஆண்டுகளில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். 1943 ஜூலையில் பெண்கள் படை ஒன்று வேண்டும் என்றார். டாக்டர் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்து, அவ்வாண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி அவர்கள் நேதாஜியின் பேச்சைக் கேட்டுக் காதிலிருந்த தோடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர். அப்போது வயது பதினெட்டு. தந்தையார் முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு அவர் அந்தப் படையின் இரண்டாம் நிலைத் தளபதியாக உயர்ந்தார். போருக்குப் பின் 1946-இல் ம.இ.கா. தொடங்கப்பட்டபோது அதில் பங்கு கொண்டார். ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் மேலவை உறுப்பினரானார். 2000-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014-இல் காலமானார்.

ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன் அவர்களும் பதினாறு வயதில் தம் அக்காளோடு அந்தப் படையில் சேர்ந்தவர்தாம். போர் முடிந்து படித்து ஆசிரியையானார். பள்ளியிலே அவர் கண்டது என்ன? ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே தகுதி. ஆண் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், பெண் ஆசிரியைக்கு அதைவிடக் குறைந்த சம்பளம்! தோட்டத்தில் 50 காசும் 40 காசும் இருந்ததே, அதே கணக்குப் பள்ளிக்கூடத்திலும் இருந்தது. 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கிச் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். 1963-இல் அமைந்த தேசிய மகளிர் சங்கங்களின் மன்றமும் அந்தக் குரலோடு சேர்ந்தது. 1969-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. படிப்படியாக 1973-க்குள் அரசாங்க ஊழியப் பெண்களுக்குச் சம சம்பளம் கிடைத்தது. நான் வேலையில் சேர்ந்தபோது பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கும் எனக்கும் ஒரே சம்பளம். அதற்காக நான் ஒரு நாளும் கொடி பிடிக்கவில்லை. பிறர் பிடித்தார்கள்.

இவ்விரு பெயர்களையும் நாம் அறிவோம். ஆனால் அந்தப் படையில் பெரும்பாலோர் தோட்டங்களிலிருந்து போன சாதாரணத் தமிழ்ப் பெண்கள். பால் வாளியை இறக்கி வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கியவர்கள். திரும்பி வந்து மறுபடியும் பால் வாளியையே தூக்கினார்கள். அவர்களில் எத்தனை பேர் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியும்?

அன்பர்களே, இனி நான் பேசப் போவது கொஞ்சம் கசப்பானது. பொறுத்துக் கேட்க வேண்டும்.

நம் மண்டபங்களில் எத்தனையோ திருமணங்கள் நடக்கின்றன. அக்கினி சாட்சியாக, பெரியோர் சாட்சியாக. ஆனால் 1976-ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் நாள் நடப்புக்கு வந்த பிறகு, நம் திருமணங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தச் சட்டம் நம் பெண்களுக்குச் செய்த நன்மை மிகப் பெரிது. முஸ்லிம் அல்லாதாரிடையே ஒருவன் இரண்டாம் தாரம் கட்டும் வழக்கத்தை அது முடித்து வைத்தது. திருமண வயதை வரையறுத்தது. அதற்கு முன்னால் நடந்த செல்லுபடியான திருமணங்களை, பதிவானவை போலவே கருதி ஏற்றுக்கொண்டது. ஆகவே நம் பாட்டிமார்களுக்குச் சங்கடம் இல்லை. சங்கடம் அதற்குப் பின் வந்தவர்களுக்கு.

எனக்கு மிகவும் வேண்டிய ஒரு பெண்மணி. 1982-க்குப் பிறகு தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியவர். மேளம் இருந்தது, விருந்து இருந்தது, பதிவு இல்லை. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்களாம். மூன்று பிள்ளைகள். கணவர் விபத்தில் இறந்தார். அதன் பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் முதலில் கேட்டது திருமணப் பத்திரம். தாலியைக் காட்டினார், கல்யாணப் படத்தைக் காட்டினார், அழைப்பிதழைக் காட்டினார். ஊர்ப் பெரியவர்களிடம் கடிதம் வாங்க அலைந்தார். இப்படிப்பட்ட வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன, தீர்ப்புகள் எல்லாம் ஒரே மாதிரி அமையவில்லை. அலைந்து அலைந்து அவர் ஏதோ கொஞ்சம் பெற்றார். அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்த கோயில் நிர்வாகத்தில் எவரும் ஒரு படிவத்தை நீட்டவில்லை. நீட்டியிருந்தால் அரை மணி நேர வேலை. அந்தக் கோயிலின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்களில் நானும் ஒருத்தி. படித்தவள், ஆசிரியை. நானும் கேட்கவில்லை.

சொத்து விஷயத்தைப் பாருங்கள். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் சொத்தைப் பங்கிடுவதற்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. முன்பு அதில் இருந்த விதி விசித்திரமானது. மனைவி இறந்தால் அவள் சொத்து முழுவதும் கணவனுக்கு. கணவன் இறந்தால், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு! 1997-இல்தான் அது திருத்தப்பட்டு, யார் முந்தினாலும் பின்தங்கியவருக்கு ஒரே அளவு பங்கு என்று ஆனது. பெற்ற பிள்ளையின் பாதுகாவலர் என்ற உரிமையில் தாய்க்குத் தந்தையோடு சம இடம் 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கிடைத்தது. அதுவரை பள்ளிப் படிவங்களில் தந்தையின் கையொப்பம் வேண்டும் என்று தாய்மார்களைத் திருப்பி அனுப்பியதை நானே கண்டிருக்கிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில், பாகுபாடு கூடாதவை என்ற பட்டியலில், ஆண் பெண் என்ற வேறுபாடு 2001-இல்தான் சேர்க்கப்பட்டது. நாடு விடுதலை பெற்று 44 ஆண்டுகள் கழித்து!

சட்டம் முன்னேறிவிட்டது. நம் பழக்கம் பின்னால் நடந்து வருகிறது. சொத்துச் சட்டம் 1997-இல் திருந்தியது என்று இங்கே எத்தனை தாய்மார்களுக்குத் தெரியும்? கையைத் தூக்கச் சொல்லிச் சங்கடப்படுத்த மாட்டேன்.

பொருளாதாரத்திற்கு வருகிறேன். 1970-களில் பத்து பெரெண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் சுதந்திர வர்த்தக வட்டாரங்கள் வந்தன. மின்னணுத் தொழிற்சாலைகள் இளம் பெண்களைத் தேடின. தோட்டத்து முச்சந்தியில் தொழிற்சாலைப் பேருந்து வந்து நின்றது. அந்தப் பேருந்தைப் பற்றி அன்று ஊரில் பேசாத பேச்சில்லை. இரவு வேலைக்குப் போகும் பெண்ணை யார் கட்டுவார்கள் என்றார்கள். அந்தப் பெண்களின் சம்பளத்தில்தான் தம்பிகள் படித்தார்கள், தோட்டம் துண்டாடப்பட்டபோது பட்டணத்தில் மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போய்விடும், ஏனென்றால் லயம் துரையுடையது. அந்தச் சமயத்தில் குடும்பத்தைத் தெருவுக்கு வராமல் காப்பாற்றியது பல வீடுகளில் அக்காவின் சம்பளமும் அம்மாவின் கூட்டுப் பணமும்தான். ஆனால் வீட்டுப் பட்டாவில் யார் பெயர்? சீட்டில் யார் பெயரோ அவர் பெயர்தான்.

கூட்டு பிடிப்பதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். இருபது பெண்களிடம் மாதந்தோறும் பணம் வாங்கி, ஒருத்தி தவறினால் தன் கையிலிருந்து போட்டு, ஒரு காசு பிசகாமல் கணக்கு முடிக்கும் பெண்மணியிடம் ஒரு சங்கத்தின் பொருளாளருக்கு வேண்டிய எல்லாத் திறமையும் இருக்கின்றது. எழுத்துப் பூர்வமான பாதுகாப்பு இல்லாத கூட்டில் ஏமாந்தவர்களும் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். அதனால்தான் முறையான வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். சிறு கடன் வழங்க 1987-இல் தொடங்கப்பட்ட அமானா இக்தியார் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பர் 1-ஆம் நாள் சொக்சோவின் கீழ் தொடங்கியது. 55 வயதுக்கு உட்பட்ட இல்லத்தரசிகள் ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டிச் சேரலாம். வீட்டு வேலை செய்யும்போது அடுப்பில் சுட்டுக்கொண்டாலும், வழுக்கி விழுந்து ஊனப்பட்டாலும் உதவி உண்டு. வீட்டு வேலையும் வேலைதான் என்று இந்நாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. கணவன்மார்களே, மாதம் பத்து வெள்ளி ஆகின்றது. நான் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 60 நாளாக இருந்தது 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாக உயர்ந்திருக்கின்றது. தந்தைக்கும் ஏழு நாள் உண்டு. பல்கலைக்கழகங்களில் பெண் பிள்ளைகளே அதிகம். இருந்தும் நாட்டில் வேலை செய்யும் வயதுடைய பெண்களில் நூற்றுக்கு 56 பேரளவில்தான் உழைப்புச் சந்தையில் இருக்கிறார்கள், ஆண்களில் 80-க்கும் மேல். படித்து வேலைக்குப் போய், குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டவர்கள் நம் தெருக்களிலேயே எத்தனை பேர்! ஆயாக் கொட்டகை போன பிறகு அதன் இடத்தை யாரும் நிரப்பவில்லை. நம் அறக்கட்டளைக்கு ஒரு மண்டபம் இருக்கின்றது, வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கின்றது. இதை ஒரு யோசனையாக மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி, கோயில் அறங்காவலர் குழுவில் மூன்று முதல் ஐந்து பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடி வகுப்பினராகவும், ஒருவர் பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கின்றது. நம் நாட்டில் அப்படி ஒரு விதி இல்லை. நம் ஆலயங்கள் பெரும்பாலும் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவை. நம் விதிகளை நாமே எழுதியிருக்கிறோம். நாமே எழுதியதை, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நாமே திருத்திப் பதிவதிகாரியின் ஒப்புதலுக்கு அனுப்பலாம்.

இந்த ஆலயத்தில் கோலம் போடுவது பெண்கள். பூக்கட்டுவது, தேவார வகுப்பு நடத்துவது, அன்னதானத்திற்கு விடிய விடியக் காய்கறி நறுக்குவது பெண்கள். அன்னதானத்திற்கு எத்தனை கிலோ அரிசி வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் எந்தக் கடையில் எந்த விலைக்கு வாங்குவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அவர்கள் இல்லை. மகளிர் பிரிவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கின்றது. அந்தப் பிரிவுக்கு வங்கிக் கணக்கு இல்லை, வாக்கு இல்லை, சேலை நிறம் தீர்மானிக்கும் உரிமை மட்டும் உண்டு. சிரிக்கிறீர்கள். நானும் மூன்றாண்டு அதன் தலைவியாக இருந்து சேலை நிறம் தீர்மானித்தவள்தான்.

மறுப்புகளையும் நான் கேட்டிருக்கிறேன். தீட்டு என்றார் ஒரு பெரியவர். ஐயா, நிர்வாகக் கூட்டம் நடப்பது கருவறையில் அல்ல, அலுவலக அறையில். அங்கே சிலர் செருப்போடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிறீர்கள். கூட்டம் இரவு ஒன்பது மணிக்கு, பெண்கள் எப்படி வருவார்கள் என்றார் மற்றொருவர். ஞாயிறு காலை பூசைக்குப் பிறகு வைத்தால் ஆண்களும் குடும்பத்தோடு இருப்பார்கள். தகுதியான பெண்கள் கிடைக்கவில்லை என்றார் இன்னொருவர். இதற்கு மட்டும் எனக்குக் கோபம் வந்தது. நம் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியர்கள் பெரும்பாலும் பெண்கள். பள்ளி நிதியைக் கையாண்டு தணிக்கைக்குக் கணக்குக் காட்டும் தலைமையாசிரியைகள் இந்த மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள். அரசாங்கம் நம்பி ஒப்படைத்ததைக் கோயில் நம்ப மறுக்கலாமா?

ஒரு மறுப்பு மட்டும் நியாயமானது. பெண்ணைப் பெயருக்குக் குழுவில் வைத்துவிட்டு, கணவரோ மாமனாரோ பின்னாலிருந்து ஆட்டுவிப்பார்கள் என்பது. நடக்கத்தான் செய்யும். முதல் இரண்டு மூன்று ஆண்டு நடக்கும். காசோலையில் கையெழுத்துப் போடும் பொறுப்பையும் அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். தன் கையெழுத்துக்குத் தானே பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால், எதற்காக இந்தத் தொகை என்று அவள் கேட்கத் தொடங்குவாள்.

ஆகவே, இன்று பிற்பகல் நடைபெறும் பொதுக்கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன். செயலாளரிடம் எழுத்து மூலம் கொடுத்துவிட்டேன். முதலாவது, அறங்காவலர் குழுவில் குறைந்தது இருவர் பெண்களாக இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் காசோலையில் கையொப்பமிடுபவராக இருக்க வேண்டும். இரண்டாவது, மண்டபத்தில் திருமணத்திற்கு இடம் பதிவு செய்யும்போதே, பதிவுத் திருமணத்திற்கான விண்ணப்பம் கொடுக்கப்பட்டதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அலுவலகமே வழிகாட்ட வேண்டும். மூன்றாவது, உபயச் சீட்டில் பணம் கொடுப்பவரின் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். அர்ச்சனைக்கு யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லட்டும், குடும்பம் முழுவதையும் சொல்லட்டும். சீட்டில் கொடுத்தவர் பெயர்.

இவை நிறைவேறாமலும் போகலாம். சென்ற ஆண்டு முதலாவது தீர்மானத்தை வழிமொழிய ஆள் இல்லாமல் விட்டுவிட்டோம். வழிமொழிய எழுந்த ஒரு சகோதரி, பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். அவர் இன்றும் வந்திருக்கிறார்.

நான் சீட்டு எழுதிய அந்த அம்மையாரைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. அவர் சிரித்த பிறகு நான் விடவில்லை. அவர் பெயரையே எழுதி, கிழித்துக் கையில் கொடுத்தேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "இதுல எம் பேரா இருக்கு?" என்று விரலால் தொட்டுக் கேட்டார். ஆமாம் என்றேன். பணப்பையில் வைக்காமல் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இல்லத்தரசிகள் திட்டத்திற்கான விவரங்களைப் பின்வரிசை மேசையில் என் பழைய மாணவிகள் இருவர் வைத்திருக்கிறார்கள். அடையாள அட்டை கொண்டு வந்திருந்தால் இன்றே எப்படிப் பதிவது என்று காட்டித் தருவார்கள். திருமணம் பதிவு செய்யாதவர்கள் இருந்தால், கூச்சப்படாமல் என்னிடம் தனியாக வாருங்கள். பிற்பகல் கூட்டம் இரண்டரை மணிக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு தாய்மார்கள் பாத்திரம் கழுவப் போய்விட வேண்டாம், இன்று அதை இளைஞர் பிரிவு பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.